நெஞ்சிலிருந்து ஒரு சாண்

இந்தக் காலத்தில் நோயாளியைப் பார்க்க வருகிறவர்களுக்கு நோயாளி தேவையில்லை. வைஃபை பாஸ்வேர்டு போதும். காபிப் பொட்டலத்தையும் சர்க்கரைக் கட்டிப் பெட்டியையும் மேஜையில் வைக்கிறார்கள். கட்டிலில் கிடப்பவளுக்குக் கன்னம் மாற்றிக் கன்னம் மூன்று முத்தம் கொடுக்கிறார்கள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும் போனை எடுத்து, "இங்க பாஸ்வேர்டு என்ன?" என்கிறார்கள். உடம்பு எப்படி இருக்கிறது என்பதெல்லாம் அதற்கப்புறம்தான். அதையும் போனைப் பார்த்துக்கொண்டேதான் கேட்கிறார்கள்.

"பாஸ்வேர்டும் கிடையாது, ஒண்ணும் கிடையாது," என்றார் ரதோமிர். "போனை எடு. இதுக்குள்ள போடு."

அவர் கையில் பெரிய அலுமினியப் பாத்திரம் இருந்தது. எதிரே தபால் ஆபீஸ் ரூஷா வாயைத் திறந்தபடி நின்றாள்.

"குடமிளகாய் சுட்டுப் போடுற பாத்திரம்ல இது? எண்ணெய் இருக்குமே!"

"துடைச்சாச்சு. போடு."

"எம் பொண்ணு கூப்பிடுவா."

"கூப்பிட்டா பாத்திரம் பேசும். போடுன்னா போடு."

ரூஷா போட்டாள். உள்ளே ஏற்கெனவே, முன்னால் வந்து உட்கார்ந்திருந்தவர்களின் மூன்று போன் கிடந்தன. ரதோமிர் மூடியை அழுத்தி மூடி, பாத்திரத்தை நடையில் கொண்டுபோய் வைத்தார்.

"அட மனுஷா, வந்தவங்களை இப்படியா நடத்துவே?" என்று கட்டிலிலிருந்து அவர் மனைவி தெசாங்கா சொன்னாள். "சிறைக்கு வந்த மாதிரி இருக்கு."

"உன் நெஞ்சுக்காகத்தான்," என்றார் ரதோமிர்.

அது உண்மை. செப்டம்பர் மாதம், தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் குடமிளகாய் சுட்டுத் துவையலுக்குத் தோலுரித்துக்கொண்டிருந்த நேரம். தெசாங்கா கையில் இடுக்கியோடு அடுப்பின்முன் குனிந்தாள். எதையோ எடுக்கத்தான் குனிகிறாள் என்று ரதோமிர் நினைத்தார். அடுப்பில் குடமிளகாய் கருகியது. அவள் எழுந்திருக்கவில்லை.

நீஷ் நகரத்து ஆஸ்பத்திரியில் தோளெலும்புக்குக் கீழே கீறி, உள்ளே பேஸ்மேக்கர் வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்புகிற அன்று, மீசை முளைக்காத டாக்டர் ஒருவன் இருவரையும் உட்காரவைத்துப் பேசினான். "போனை மட்டும் நெஞ்சிலேர்ந்து ஒரு சாண் தள்ளி வெச்சுக்குங்க. மத்தபடி..."

மத்தபடிக்கு அப்புறம் அவன் வெகு நேரம் பேசினான். தெசாங்கா தலையாட்டித் தலையாட்டிக் கேட்டாள். ரதோமிர் காதில் எதுவும் விழவில்லை. ஒரு சாண் என்று இவர்கள் சொன்னால் உண்மையில் அது ஒரு மைல். ஜனங்கள் பயந்துவிடக் கூடாதென்று குறைத்துத்தான் சொல்வார்கள். செர்னோபில் அணு உலை வெடித்த வருஷமும் கீரையைக் கழுவிச் சாப்பிடுங்கள், போதும் என்றுதான் ரேடியோவில் சொன்னார்கள்.

நடையில் பாத்திரம் அலறியது. மூடி கிடுகிடுவென்று ஆடியது.

"எம் பொண்ணு!" என்று ரூஷா எழுந்தாள்.

"எம் பேரன்!" என்று இன்னொருத்தி ஓடினாள்.

இருவரும் ஒரே நேரத்தில் பாத்திரத்துக்குள் கைவிட்டார்கள். ரூஷா கையில் மற்றவள் போன் வந்தது. போனில் எண்ணெய் இருந்தது. அது வழுக்கிக் கீழே விழுந்து கண்ணாடி விரிசல் விட்டது. மற்றவள் கத்தினாள், ரூஷாவும் விடவில்லை. தெசாங்கா போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள்.

அதற்குப்பின் காபிப் பொட்டலம் வாசல் படியோடு நின்றது. வைத்துவிட்டு மணியடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

*

வீட்டுக்கு நெட் கொடுக்கிற கம்பெனியிலிருந்து போயான் என்ற பையன், ரதோமிர் கூப்பிட்டதால், கருவிப் பெட்டியோடு வந்தான். ரதோமிர் அவனைச் சமையலறையில் உட்காரவைத்தார். காபி கொடுக்கவில்லை. காபி கொடுத்தால் உறவாகிவிடும், அப்புறம் குறுக்குக் கேள்வி கேட்க முடியாது.

"நெஞ்சுக்கு ஆகாத அந்த அலை எதுல கம்மி? அதை மட்டும் சொல்லு. விக்கிறவன் பேச்சு வேண்டாம்."

"பெரியவரே, தெருவுலேர்ந்து வீட்டுக்குள்ள எது வழியா வருதுங்கிறது விஷயமே இல்ல," என்றான் போயான். "உங்களுக்கு வர்றது செம்புக் கம்பி. புதுசா கண்ணாடி இழை இழுக்குறாங்க. ரெண்டுமே சும்மா கெடக்கும். அலை விடுறது சுவத்துல இருக்கற இந்தப் பெட்டி. வைஃபை. அதுவும் ரெண்டு எட்டு தள்ளிப் போனா ஒண்ணுமே இல்ல."

"அந்தக் கண்ணாடிக்குள்ள என்ன ஓடுது?"

"வெளிச்சம்."

"வெளிச்சம்னா?"

போயான் நேர்மையான பையன். அவன் பண்ணின தப்பே அதுதான். "பாத்தா, அதுவும் ஒரு வகை அலைதான்."

"அப்ப அது வேண்டாம்."

"டிஷ் வெக்கலாம். வானத்துலேர்ந்து..."

"வானத்துலேர்ந்து கூரை வழியா நேரா அவ கட்டில்மேல எறங்கணும். அதானே? வேற?"

"சிம் போடுற பெட்டி ஒண்ணு இருக்கு. கம்பியே கெடையாது. ஆனா நான் சொல்ல மாட்டேன். டவர் வரைக்கும் எட்டணுமே, அதனால அதுதான் எல்லாத்தையும்விடப் பலமா விடும். அதுகூட சட்டம் சொல்ற அளவுக்கு ரொம்பக் கீழதான்."

"சட்டத்தை யார் எழுதுறது? பெட்டி விக்கிறவன்."

போயான் பெருமூச்சு விட்டான். "உங்களுக்கு என்ன பண்ணணும்?"

"கம்பி இருக்கட்டும். பெட்டியோட வாயைக் கட்டு."

போயான் வைஃபையை நிறுத்தினான். பெட்டியிலிருந்து சமையலறைக் கம்ப்யூட்டருக்கு நீலக் கம்பி ஒன்றை இழுத்தான். ஆஸ்திரியாவில் இருக்கும் மகள் யாஸ்னா சாயங்காலம் முகம் காட்டிப் பேச அது போதும். போகும்போது வாசலில் நின்று, "அம்மா போன் இனிமே வைஃபை இல்லாம டவரையே பிடிக்கும். பரவால்லையா?" என்று கேட்டான். ரதோமிர் கதவைச் சாத்திவிட்டார்.

அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கதவு இடிபட்டது. பக்கத்து வீட்டு மிலுதின், கால்சட்டைக்கு மேலே பனியனோடு நின்றார்.

"ரதோமிர்! நெட்டு போச்சு!"

"உனக்கு ஏதுடா நெட்டு?"

"உன் நெட்டுதான்டா! உங்க வீட்டு சாமி விருந்து அன்னிக்கு நீயே பாஸ்வேர்டு குடுத்தியே, மறந்துட்டியா? இத்தனை வருஷமா அதுலதானே பாக்குறேன். இப்ப ரெண்டாம் பாதி நடக்குது, பெனால்டி குடுத்துட்டான்!"

"என் பொண்டாட்டி நெஞ்சு முக்கியமா, உன் பந்து முக்கியமா?"

மிலுதின் யோசித்தார். "ஆட்டம் முடியற வரைக்குமா கேக்குற?"

ரதோமிர் கதவைச் சாத்தினார். அன்று அது இரண்டாம் முறை.

*

சனிக்கிழமைச் சந்தையில், பாலாடைக்கட்டி விற்பவளுக்கும் காலுறை விற்பவனுக்கும் நடுவே, ஜெர்மனியிலிருந்து பழைய சாமான் கொண்டுவந்து விற்கும் ஆள் ஒருவன் உட்காருவான். அவனிடம் ரதோமிர் அலை அளக்கும் மீட்டர் ஒன்றை வாங்கினார். சோப்புக்கட்டி அளவு இருந்தது. முதலில் பச்சை விளக்கு, பிறகு மஞ்சள், கடைசியில் சிவப்பு. டிக் டிக் என்று சத்தமும் வரும்.

"சிவப்பு வந்தா?" என்று கேட்டார்.

"வந்தா அந்த இடத்துல நிக்காதீங்க," என்றான் அவன். அவனுக்கும் அவ்வளவுதான் தெரியும்.

வீட்டுக்கு வந்து கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் மீட்டரை வைத்தார். சிவப்பு. அந்தச் சுவர் அவருக்கும் மிலுதினுக்கும் பொதுச் சுவர்.

உடனே போய் மிலுதினின் வீட்டுக்குள் நுழைந்து பார்த்தார். சுவரை ஒட்டிய அலமாரியில், புத்தம் புதிதாக, சிம் போடுகிற பெட்டி கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"எல்லாத்துலயும் மோசமானதைத் தேடிப் பிடிச்சு வாங்கியிருக்கே," என்றார் ரதோமிர்.

"நீ நிறுத்தலேன்னா நான் ஏன் வாங்கப் போறேன்?"

"அந்தப் பக்கம் தள்ளி வை."

"அந்தப் பக்கம் சிக்னல் வராது. நீ கட்டிலைத் தள்ளு."

"அந்தப் பக்கம் ஜன்னல். இந்தப் பக்கம் கதவு. நடுவுல அவளைப் போட்டா குறுக்குக் காத்து வீசும்."

அலை ஆளைக் கொல்லுமா என்று பிரோட் ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசலாம். ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவில் வீசுகிற குறுக்குக் காற்று கொல்லும் என்பதில் இரண்டு பேச்சு கிடையாது. கோடையிலும் பஸ்ஸில் ஒரு பக்க ஜன்னலைத் திறந்தால் மறுபக்க ஜன்னலை மூடிவிடுகிற ஊர் அது.

"கட்டிலைத் தள்ளாதே," என்று மிலுதினே சொன்னார். "பாவம், ஏற்கெனவே நெஞ்சு."

அதனால் ரதோமிர் கொட்டகைக் கூரையிலிருந்து தகரத் தகடுகளை எல்லாம் பெயர்த்து வந்தார். ஒன்றைத் தலைமாட்டுச் சுவரில் அடித்தார். அலை சுற்றிக்கொண்டு வரும் என்று தோன்றியதால் இன்னொன்றைப் பக்கவாட்டில் அடித்தார். மிச்சத்தை ஜன்னலில் அடித்தார். அறை பகலிலேயே இருண்டுவிட்டது. மழை பெய்ததும் கொட்டகைக்குள் வைத்திருந்த விறகெல்லாம் நனைந்தது.

"டப்பாவுல அடைச்ச மீன் மாதிரி இருக்கேன்," என்றாள் தெசாங்கா. "எண்ணெயை ஊத்தி மூடிடு."

"பேசாதே. உனக்கு ஓய்வு வேணும்."

தகரத்துக்கு இந்தப் பக்கம் மீட்டரை வைத்தார். பச்சை. அவர் முகத்தில் பல நாளுக்குப் பிறகு சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. அப்படியே கட்டிலைச் சுற்றி வந்தவர், தலையணைப் பக்கத்துச் சின்ன மேஜையில் கிடந்த அவள் போன்மேல் காட்டினார். எல்லா விளக்கும் ஒரேயடியாக எரிந்தன. முன்பு இவ்வளவு எரிந்ததில்லை.

போயானுக்கு லேண்ட்லைனிலிருந்து போட்டார்.

"தகரமா? தகரத்தையா அடிச்சீங்க?" என்றான் போயான். "பெரியவரே, வைஃபையை எடுத்துட்டீங்க, போன் டவரோட பேச ஆரம்பிச்சுது. இப்ப சுத்தித் தகரம். டவருக்குக் கேக்கல. கேக்கலேன்னா நாம என்ன பண்ணுவோம்? கத்துவோம்ல? அதுவும் கத்துது."

"அப்ப என்ன பண்ணணும்?"

"தகரத்தை எடுத்துட்டு, வைஃபையைப் போட்டுட்டு, போய்ப் படுங்க."

முதலிலேயே இதைத்தான் விற்க வந்தான் என்று ரதோமிருக்குப் புரிந்துவிட்டது. போனை வைத்தார்.

மறுநாள் நெட்டை ரத்து செய்தார். பெட்டியையும் நீலக் கம்பியையும் கழற்றி, முட்டைக்கோஸ் பீப்பாய்கள் இருக்கும் நிலவறைக்குக் கொண்டுபோனார். கடைசியாக தெசாங்காவின் போனை எடுத்தார்.

"அதைக் கொண்டு போகாதே," என்றாள் அவள்.

"யாஸ்னாகூடப் பேச லேண்ட்லைன் இருக்கு."

"யாஸ்னாவுக்குன்னு சொல்லல."

"பின்ன யாருக்கு?"

தெசாங்கா அவர் முகத்தைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தாள். பிறகு தகரத்தின் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "யாருக்கும் இல்ல. கொண்டு போ."

நிலவறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வீட்டில் எதுவும் மணியடிக்கவில்லை. யாரும் வரவில்லை. தெசாங்கா தூங்கும்போது போர்வை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். போர்வை மெதுவாக ஏறினால் அவருக்கு மூச்சு நின்றுவிடும். வேகமாக ஏறினாலும் அப்படித்தான்.

*

மீட்டர் அப்படியும் அடங்கவில்லை.

வீடு முழுக்கச் செத்த மாதிரி கிடந்தது. சமையலறையில், நடையில், குளியலறையில், எங்கே காட்டினாலும் விளக்கே எரியவில்லை. கட்டில் பக்கம் வந்தால் மட்டும் ஒரே ஒரு பச்சை விளக்கு மினுக்கும். டிக். கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். மறுபடி, டிக்.

தலைமாடு. பொதுச் சுவர். மிலுதின்.

"பெட்டியை நிறுத்து," என்று போய்ச் சொன்னார்.

மிலுதின் நிறுத்தினார். டிக்.

"பிளக்கைப் பிடுங்கு."

மிலுதின் பிடுங்கினார். டிக்.

"நீ பிடுங்கல. என்னைப் பாத்துச் சிரிச்சிக்கிட்டு உக்காந்திருக்கே."

மிலுதினுக்குக் கோபம் வந்துவிட்டது. பெட்டியைக் கம்பியோடு கையில் தூக்கிக்கொண்டு நேராகத் தெசாங்காவின் அறைக்கே வந்து நின்றார். "இந்தா! இதோ செத்துக் கெடக்கு! கண்ணால பாரு! நெட்டும் இல்ல, ஆட்டமும் இல்ல. லீக் எவன் ஜெயிச்சான்னு பார்பரைக் கேட்டுத் தெரிஞ்சுக்கிறேன்!"

டிக், என்றது மீட்டர்.

"வீட்ல இன்னொரு பெட்டி வெச்சிருக்கே," என்றார் ரதோமிர்.

"எங்க?"

"அதை நீதான் சொல்லணும்."

"என் அப்பன் சத்தியமா, என் மாடு கன்னு சத்தியமா..."

"உனக்கு மாடே இல்ல."

"இருந்திருந்தா அதுமேல சத்தியம்டா! ரதோமிர், உன் கல்யாணத்துல மாப்பிள்ளைத் தோழனா நின்னவன் நான். உன் பொண்டாட்டி விழுந்த அன்னிக்கு வண்டி ஓட்டுனவன் நான். நீஷ் வரைக்கும் ஒரு சிவப்பு விளக்குலகூட நிக்கல. நான் அவளை அலை விட்டுக் கொல்லுவேனா?"

"வேணும்னு பண்ண மாட்டே. பந்துக்காகப் பண்ணுவே."

மிலுதின் முகம் வெளுத்துப்போயிற்று. பெட்டியைத் தரையில் வைத்தார். "சரி. இனிமே இந்த வீட்டுப் படியை மிதிச்சா என் காலை வெட்டு," என்று திரும்பினார்.

வாசலை மறித்துக்கொண்டு ஒரு பெண் நின்றாள். கையில் பை, தோளில் கோட்டு. வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கிற சுகாதார நிலையத்து நர்ஸ் விஷ்னியா.

"கதவு திறந்திருந்துச்சு," என்றாள். உள்ளே பார்த்தாள். தகரம், இருட்டு, நடுவில் கட்டில். "இது என்ன, கொட்டகையா?"

"அலை வராம இருக்க," என்றார் ரதோமிர்.

"நீஷ்லேர்ந்து டாக்டர் பேசினார். இந்த மாசம் பூரா உங்க வீட்லேர்ந்து ஒண்ணுமே வரலையாம். பயந்துபோய், உடனே போய்ப் பாருன்னு அனுப்பினார். அம்மா, உங்க போன் எங்க?"

"நிலவறைல," என்றாள் தெசாங்கா. "முட்டைக்கோஸோட."

"யாரு வெச்சது?"

"நான்தான்," என்றார் ரதோமிர். ஒளிக்க என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். செம்பு, கண்ணாடி, டிஷ், சிம் பெட்டி, தகரம், போன் எல்லாம். மீட்டரை அவள் கையில் கொடுத்தார். "எல்லாத்தையும் அடக்கிட்டேன். இவன் ஒருத்தன்தான் அடங்க மாட்டேங்குறான். நீயே பாரு. படிச்ச பொண்ணு, நீயே சொல்லு."

"சொல்லும்மா," என்றார் மிலுதின். "நல்லாச் சொல்லு."

விஷ்னியா தன் போனை அணைத்துவிட்டு மீட்டரை வாங்கினாள். சுவரில் வைத்தாள், தகரத்தில் வைத்தாள், மிலுதின் தரையில் வைத்திருந்த பெட்டியின் மேல் வைத்தாள். சத்தமே இல்லை. கட்டில் பக்கம் வந்தாள். டிக். குனிந்து, தெசாங்காவின் இடது தோளுக்குக் கீழே, போர்வைமேல் கொண்டுபோனாள். டிக். பச்சையைத் தாண்டி மஞ்சள் எரிந்தது.

அவள் நிமிர்ந்து ரதோமிரைப் பார்த்தாள்.

"பெரியவரே, இந்த வீட்டுல இப்ப அலை விடுறது ஒண்ணே ஒண்ணுதான். இவங்க நெஞ்சு."

ரதோமிர் கையை நீட்டி மீட்டரைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"உள்ள வெச்ச கருவிதான்," என்று விஷ்னியா மெதுவாகச் சொன்னாள். "நெஞ்சு எப்படி அடிக்குதுன்னு அது போனுக்குச் சொல்லும். போன் டாக்டருக்குச் சொல்லும். இப்ப போனைத் தேடிக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கு. பதில் சொல்ல யாரும் இல்ல. ரொம்பச் சின்ன அலை, அவங்களை ஒண்ணும் பண்ணாது. ஆஸ்பத்திரில சொன்னாங்களே, அம்மா, நீங்க இவர்கிட்ட சொல்லலியா?"

"சொல்லியிருந்தா என்னையும் நிலவறைல வெச்சுப் பூட்டியிருப்பான்," என்றாள் தெசாங்கா.

மிலுதின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, கம்பியை நிதானமாகச் சுருட்டினார். 'நான் அப்பவே சொன்னேனே' என்று சொல்லாமல் இருப்பதற்கு அவர் பட்ட பாடு கழுத்து நரம்பில் தெரிந்தது.

ரதோமிர் போர்வையையே பார்த்தார். அது ஏறியது, இறங்கியது.

"அது அவங்ககிட்ட என்ன சொல்லுது?"

"எப்படி அடிக்குதுன்னு. அவ்வளவுதான்."

"என்னைப் பத்தி?"

"ஒண்ணும் சொல்லாது, பெரியவரே."

ரதோமிர் சட்டைப் பையிலிருந்து நிலவறைச் சாவியை எடுத்து மேஜைமேல், காபிப் பொட்டலங்களுக்குப் பக்கத்தில் வைத்தார். தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"அப்படித்தான் சொல்வாங்க," என்றார்.

முற்றத்தைத் தாண்டி, கூரையில்லாத கொட்டகையைத் தாண்டி, யாரையும் திரும்பிப் பார்க்காமல், அந்த நெஞ்சிலிருந்து ஒரு மைலாவது தள்ளிப் போகிறவர் மாதிரி தெருவில் இறங்கி நடந்தார்.